ஈரக்காற்றில் என்.சி. லாக்கரும் பி.யூ.வும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் சென்னை மரப்பட்டறைகளில் ஸ்ப்ரே வேலை தடுமாறும். அதிகாலைக் காற்றின் ஈரப்பதம் பல நாள்களில் 85 விழுக்காட்டைத் தாண்டிவிடும். எந்தப் பூச்சானாலும் ஒரே கவனம் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரை ஈரம் கெடுக்கும் வழி வேறு, இரண்டு பாகப் பி.யூ.வை (பாலியூரிதேன்) அது கெடுக்கும் வழி வேறு.

வேறுபாடு உலரும் விதத்திலேயே இருக்கிறது. தின்னர் ஆவியாகிப் போனால் என்.சி. உலர்ந்துவிடும், வேதிமாற்றம் எதுவும் இல்லை. பி.யூ.விலோ தின்னர் போனது பாதி வேலைதான். ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட், மற்ற பாகத்துடன் வினைபுரிந்து முடித்தால்தான் பூச்சு இறுகும்.

வியர்வை ஆறும்போது உடல் குளிர்வதுபோல, தின்னர் வேகமாக ஆவியாகும்போது என்.சி. பூச்சின் மேற்பரப்பும் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சி, காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் பனிநிலைக்குக் கீழே இறங்கினால் பூச்சில் வெள்ளை பூக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 50 விழுக்காடு என்றால் பனிநிலை ஏறக்குறைய 18 டிகிரி. ஈரப்பதம் 80 ஆனால் அது 26 டிகிரி. முன்னதில் மேற்பரப்பு கிட்டத்தட்ட 12 டிகிரி வரை குளிர்ந்தாலும் தாங்கும். பின்னதில் 4 டிகிரி குளிர்ந்தாலே போதும், பூச்சு வெளுத்துவிடும்.

பி.யூ.வில் நீர் மேலே படிய வேண்டியதில்லை. ஐசோசயனேட் நீருடனும் வினைபுரியும். அப்போது கரியமில வாயு வெளிவரும். அது குமிழாகவும் ஊசித்துளையாகவும் பூச்சுக்குள் நிற்கும். ஹார்ட்னரின் ஒரு பங்கு இப்படி நீருக்கே செலவாவதால், பூச்சு எதிர்பார்த்த உறுதியையும் பெறாது. காற்று மட்டும் காரணமல்ல: சரியாகக் காயாத மரம், மூடாமல் விட்ட ஹார்ட்னர் டப்பா, ஈரம் கலந்த தின்னர் எல்லாமே நீரைக் கொண்டுவரும். என்.சி. தின்னரை பி.யூ.வில் கலக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அதில் வழக்கமாகச் சேரும் ஆல்கஹாலும் ஐசோசயனேட்டைத் தின்றுவிடும்.

வெப்பமும் இரண்டுக்கும் ஒரே பலனைத் தருவதில்லை. அறையைச் சூடாக்கினால் ஈரப்பத விழுக்காடு குறையும்; ஆனால் காற்றிலுள்ள நீரின் அளவு மாறாததால் பனிநிலை அப்படியே இருக்கும். மரம் சூடேறிப் பனிநிலையிலிருந்து விலகுவதுதான் என்.சி.க்குக் கிடைக்கும் லாபம். பி.யூ.வில் வெப்பம் கூடினால் கலவை ஸ்ப்ரே கன்னிலேயே சீக்கிரம் கெட்டியாகும். மேல்தோல் முந்தி இறுகி, தின்னரை உள்ளே அடைத்துவிடும். தீ மூட்டி அறையைச் சூடாக்கும் பேச்சே கூடாது; இரண்டின் தின்னர் ஆவியும் தீப்பிடிக்கும்.

இரண்டுக்கும் பொதுவான கவனம் கம்ப்ரசரில் இருக்கிறது. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீர் பிரிந்து டேங்கில் தேங்கும். அதைத் தினமும் வடிக்க வேண்டும். கன்னுக்கு முன்னால் நீர்பிரிப்பி இருக்க வேண்டும்.

கெட்ட பூச்சைச் சரிசெய்வதில் வேறுபாடு இன்னும் பெரிது. உலர்ந்த என்.சி. தன் தின்னரிலேயே மறுபடி கரையும். ஆகவே வெயில் வந்த நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த தின்னரை மெல்லிதாக அடித்தால் பெரும்பாலும் வெள்ளை மறையும். இறுகிய பி.யூ. அப்படிக் கரையாது. குமிழ் உள்ளவரை தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். கூலியும் பொருளும் இரட்டிப்பு.

தண்ணீரையும் கீறலையும் தாங்குவதில் பி.யூ.வே மேல். சாப்பாட்டு மேசைக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் மூடிய அறையும் ஈரம் நீக்கும் வசதியும் இல்லாத பட்டறை, மழை நாளில் பி.யூ.வைத் தொடாமல் வாடிக்கையாளரிடம் அவகாசம் கேட்பதே நேர்மை. அன்றே அடித்தாக வேண்டிய வேலை என்றால், மதியம் ஈரப்பதம் இறங்கும் நேரத்தில் ரிடார்டர் சேர்த்த என்.சி.யை மெல்லிய கோட்டுகளாக அடிக்கலாம். அதில் தவறு நேர்ந்தாலும் திருத்த இடமுண்டு.