காயம்பட்ட உடல் யாருடைய வண்டியில்?

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தீயணைப்பு நிலையம் இருக்கிறது. பெரிய கம்பெனிகளின் கேட்டுக்குள் அவர்களுடைய ஆம்புலன்ஸ் நிற்கிறது. வெளியே நெடுஞ்சாலையில் 108 ஓடுகிறது. மூன்றும் மூன்று வேறு அதிகாரங்களுக்குக் கட்டுப்பட்டவை. முதலாவது அரசுத் துறை. இரண்டாவது முதலாளியின் உடைமை. மூன்றாவது, அரசு பணம் தர ஒரு தனியார் நிறுவனம் நடத்துவது. பிரஸ் மெஷினில் கை மாட்டிக்கொண்ட தொழிலாளியின் உடல் இவற்றில் எதில் ஏறுகிறது என்பதை வெறும் போக்குவரத்துச் சமாச்சாரமாகப் பார்ப்பது நமது பழக்கம். அந்த உடலுக்கு என்ன நேர்ந்தது என்பதை முதன்முதலில் எழுதும் அதிகாரம் யாருக்கு என்ற பிரச்சினையாகவே நான் இதைப் பார்க்கிறேன். தீயணைப்புத் துறையே ஆம்புலன்ஸ் நடத்துகிற நகரங்களின் வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால் சில விஷயங்கள் பிடிபடுகின்றன.

தீயணைப்புப் படை மனித உயிர்மேல் கொண்ட கருணையில் பிறந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். லண்டனில் நடந்தது வேறு. 1666 பெருந்தீக்குப் பிறகு அங்கே படை வைத்திருந்தவை காப்பீட்டுக் கம்பெனிகள். 1833இல் பத்துச் சொச்சம் கம்பெனிகள் தம் படைகளை ஒன்றாக்கின. 1861இல் டூலி தெருக் கிடங்குகள் எரிந்து நஷ்டம் கட்டுபடியாகாமல் போனபோது, இனி இது அரசாங்கத்தின் வேலை என்று கையை விரித்தன. 1865இல் சட்டம் வந்தது. ஆக, படை முதலில் காத்தது சரக்கை. நமக்குக் கிட்டத்து உதாரணம் பம்பாய்த் துறைமுகம். 1944 ஏப்ரல் 14 அன்று ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் செத்தார்கள். அந்த நாளை இன்றுவரை அனுசரிக்கிறோம். பருத்தியையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றியது யார் என்ற கேள்வியை அந்த அனுசரிப்பில் யாரும் எழுப்புவதில்லை என்பது தனிக் கதை.

சரக்கைக் காக்க எழுந்த இந்தக் கொட்டகையில் உடலுக்கும் ஒரு வண்டி நிறுத்தப்படுவது சின்ன மாற்றம் அல்ல. இந்தியாவில் இதை அகமதாபாத்தில் பார்க்கலாம். பஞ்சாலைகளால் வளர்ந்த நகரம் அது. அங்கே தீயணைப்பு, மாநகராட்சியின் கையில் இருக்கிறது. அந்தத் துறையே ஆம்புலன்ஸ்களையும் சவ ஊர்திகளையும் ஓட்டுகிறது. எரிகிற கட்டடம், காயம்பட்ட உடல், பிணம் ஆகிய மூன்றும் ஒரே துறையின் பொறுப்பு. பிணத்தைத் தொடுவதும் தூக்குவதும் குறிப்பிட்ட சாதிகளின்மேல் சுமத்தப்பட்டிருக்கும் சமூகத்தில் அதை அரசுச் சீருடைக்குள் கொண்டுவருவதற்கு ஓர் அர்த்தம் உண்டு. அந்தச் சீருடைக்குள்ளும் ஸ்டியரிங் யார் கையில், ஸ்ட்ரெச்சர் யார் தோளில் என்று கேட்காமல் விடக் கூடாது என்பது வேறு.

அங்கேயே இன்னொன்றும் நடந்தது. 2007 ஆகஸ்டில் குஜராத்துக்கு 108 வந்தது. 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, 108 வண்டியில் வருபவர்களை மட்டுமே கோவிட் மருத்துவமனைகளில் சேர்ப்பது என்று அகமதாபாத் மாநகராட்சி விதி வைத்திருந்தது. ஆட்டோவில் மூச்சுத் திணறிக்கொண்டு வந்தவர் வாசலில் கிடக்க வேண்டியதுதான். உயர் நீதிமன்றம் கேள்வி கேட்ட பிறகு, அந்த மாத இறுதியில்தான் விதி போயிற்று. சொந்தமாக ஆம்புலன்ஸ் வைத்திருக்கும் நகராட்சி அது! வண்டி எது என்பது நோயாளி யார் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடப் பச்சையான சாட்சி வேண்டியதில்லை.

தீயணைப்புத் துறைக்குக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சிங்கப்பூரில் தீக்கும் ஆம்புலன்ஸுக்கும் ஒரே எண், 995, ஒரே படை. கப்பல் பட்டறைகளில் வேலை பார்க்கும் நம்ம ஊர்ப் பையன்களுக்கு அந்த எண் தெரியும். நியூயார்க்கில் 1996 மார்ச்சில் ஆம்புலன்ஸ் பிரிவைத் தீயணைப்புத் துறையோடு சேர்த்தார்கள். சேர்த்த பிறகும் நெருப்புக்குள் போகிறவருக்கு ஒரு சம்பளம், நோயாளியைத் தூக்குகிறவருக்கு அதைவிடக் குறைந்த சம்பளம். பிட்ஸ்பர்க் கதை இன்னும் கசப்பானது. அங்கே கறுப்பர்கள் வாழ்ந்த ஹில் பகுதியில் நோயாளிகளைப் போலீஸ் வேனில் அள்ளிப் போட்டுக் கொண்டுபோன காலத்தில், 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு அந்தப் பகுதி இளைஞர்களையே பயிற்றுவித்து ஆம்புலன்ஸ் நடத்தியது. வழியிலேயே சிகிச்சை தொடங்கும் முறையை அமெரிக்காவில் முன்னெடுத்தவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். 1975இல் நகர நிர்வாகம் சேவையைத் தன் கைக்கு எடுத்தது. முன்னோடிகளில் பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். அரசுடைமை என்ற ஒற்றைச் சொல்லில் மயங்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

சரி, நம் கதைக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் முதல் காரை வெளியே விட்டது. தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008 செப்டம்பரில். இடைப்பட்ட பத்து ஆண்டுகளிலேயே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முழுக்கத் தொழிற்பேட்டைகள் பரவிவிட்டன. 108 எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது வந்தபோது ஒரு பிரிவினையும் உறுதிப்பட்டது: மீட்பது ஒருவர் வேலை, ஏற்றிச் செல்வது இன்னொருவர் வேலை. வெட்டி எடுக்கும் கருவி தீயணைப்பு வண்டியில். ஸ்ட்ரெச்சர் 108இல். ஏற்றிச் செல்பவர்கள் அரசு ஊழியர்களும் அல்ல. பன்னிரண்டு மணி நேர வேலையை எதிர்த்துத் தெருவில் நின்று கோஷம் போட்டவர்கள்.

2010 அக்டோபர் இறுதியில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் ஓர் இளம்பெண் எந்திரத்தில் மாட்டி இறந்துபோனார். எந்திரத்தை உடைத்து அவரை எடுப்பதில் தாமதம் நேர்ந்தது என்று சக தொழிலாளர்கள் அப்போது குற்றம் சாட்டினார்கள். இந்தக் குற்றச்சாட்டில்தான் என் கேள்வி முழுவதும் இருக்கிறது. எந்திரத்தை உடைக்கலாமா என்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியில்லாத ஆள் தீயணைப்பு வீரர் ஒருவர்தான். கதவை உடைப்பதும் சுவரை இடிப்பதும் சட்டம் அவருக்குத் தந்த அதிகாரம். கம்பெனி ஆம்புலன்ஸின் டிரைவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள் என்பது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாதபடி காயம்பட்டால் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சூட்சுமம் புரியும். காயம்பட்டவரைத் தூக்கிச் செல்வதும் காயத்தைப் பற்றி அறிக்கை எழுதுவதும் ஒரே கை. உடலைப் பராமரிப்பதும் உடலைப் பதிவுசெய்வதும் ஒரே அதிகாரத்தின் இரு முகங்கள் என்று ஃபூக்கோ வழியாக நாம் பேசிப் பழகிய விஷயத்தைக் கேட் பாஸ் போட்டிருக்கும் எந்தத் தொழிலாளியும் ஃபூக்கோ இல்லாமலே சொல்வார். ஹரியானாவின் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி 2019 முதல் வெளிவரும் 'கிரஷ்டு' அறிக்கைகளில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது: பலருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை கிடைத்ததே விபத்து நடந்த பிறகுதான். தீயணைப்பு வண்டி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தால், வந்த நேரமும் அழைத்த காரணமும் கம்பெனிக்கு வெளியே ஒரு நிலையத்தின் பதிவேட்டில் ஏறிவிடும். கம்பெனி ஆம்புலன்ஸ் வெளியே போனால் அப்படி ஏறாது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை இந்த வரலாற்றோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். விடுதிச் சாப்பாடு விஷமாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். செத்துப்போனவர்களை மறைக்கிறார்கள் என்ற பேச்சு பரவியது. வதந்தி என்றது அரசு. வதந்திதான். ஆனால் கூட இருந்தவளை எந்த வண்டி எங்கே கொண்டுபோயிற்று என்று அறை முழுக்க யாருக்கும் தெரியாத இடத்தில் வேறு எது முளைக்கும்? உள்ளே இருப்பவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள் என்று அதிகாரிகள் சாலையில் நின்று மெய்ப்பிக்க வேண்டிவந்தது.

உள்ளாட்சியே இதை எடுத்து நடத்தலாமே என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு தகவல். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கான பணிகளில் தீயணைப்பு ஏழாவதாக இருக்கிறது. கிராம ஊராட்சிகளுக்கான பதினோராம் அட்டவணையில் 29 பணிகள். சந்தை இருக்கிறது, கால்நடை இருக்கிறது, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, தீயணைப்பு இல்லை. கார்களைக் கப்பலேற்றும் இருங்காட்டுக்கோட்டை, சட்டத்தின் கண்ணில் ஒரு கிராம ஊராட்சி.