சிறு கம்பியில்லா இணையச் சேவை: அலைக்கற்றையும் கருவியும்

சிறு கம்பியில்லா இணையச் சேவையாளர் என்பது ஒரு டவர், தண்ணீர்த் தொட்டி அல்லது தானியக் களஞ்சியத்தின் உச்சியிலிருந்து, ரேடியோ அலை வழியாகச் சில நூறு முதல் சில ஆயிரம் வீடுகளுக்கு இணைய இணைப்பு தரும் உள்ளூர் நிறுவனம். அமெரிக்காவில் இவர்களை 'விஸ்ப்' என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். கைபேசிச் சேவைக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு, வாடிக்கையாளரின் ஏற்பி நகராது என்பதே. கூரையிலோ கம்பத்திலோ டவரை நோக்கித் திருப்பி இறுக்கிவிட்டால் அது பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். குறைந்த மின்திறனில் வெகுதூரம் சென்றடைய முடிவதற்குக் காரணம் இந்த நிலைத்தன்மைதான்.

இத்தொழில் பிறந்ததற்கு ஒரு விதிமாற்றம் காரணம். 1985-இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணையம் (எஃப்.சி.சி.) 902–928 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய பட்டைகளில் உரிமம் இல்லாமலே பரவல் நிறமாலைத் தொடர்பை அனுமதித்தது. தொழிற்சாலை வெப்பமூட்டிகளும் மைக்ரோவேவ் அடுப்புகளும் இயங்கும் இப்பட்டைகளைத் தொடர்புத்துறை அதுவரை பெரிதாக மதிக்கவில்லை. 1990-களில் வயோமிங் மாநிலத்தின் லாரமி நகரில் இயங்கத் தொடங்கிய 'லாரியட்' என்னும் அமைப்பு இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்று. 1997-இல் 5 கிகாஹெர்ட்ஸில் 300 மெகாஹெர்ட்ஸ் திறக்கப்பட்டது. 2004-இல் இச்சேவையாளர்கள் 'விஸ்பா' என்ற சங்கமாகத் திரண்டனர்.

கருவியை வாங்கிவிட்டு அதற்கு அலைக்கற்றை தேடுவது தலைகீழான வேலை. எந்தப் பட்டையில் அந்த ஊரின் மரம், மேடு, அண்டை நிறுவனங்களின் இரைச்சல் மூன்றையும் தாண்ட முடியும் என்பது முதலில் தெரியவேண்டும். விலைப்பட்டியலைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

உரிமம் தேவைப்படாத பட்டைகள்

900 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் அலைகள் ஓரளவு மரங்களை ஊடுருவிச் செல்லும். ஆனால் மொத்த அகலமே 26 மெகாஹெர்ட்ஸ்தான். மின்வாரியங்களின் ஸ்மார்ட் மீட்டர்களும் அதே இடத்தில் பேசிக்கொண்டிருக்கின்றன. அடர்ந்த காட்டுக்குள் வேறு வழியற்ற வீட்டுக்கு இன்றும் இது உதவக்கூடும். இன்றைய காணொளித் தேவைக்கு இதை நம்பி ஒரு வலையமைப்பைக் கட்ட முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று படியாத 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் மூன்றே உள்ளன. ஒவ்வொரு வீட்டின் வைஃபை ரவுட்டரும் அவற்றையே பயன்படுத்துவதால், ஊருக்குள் இப்பட்டை ஏறக்குறைய இழந்துபோன நிலம்.

ஆகவே இத்தொழிலின் முதுகெலும்பு 5 கிகாஹெர்ட்ஸ். அதற்குள்ளும் விதிகள் ஒரே சீராக இல்லை. 5.8 பகுதியில் ஒரு டவரிலிருந்து பல வீடுகளுக்கு அனுப்பும்போது மொத்தக் கதிர்வீச்சுத் திறன் 36 டிபிஎம்மை (மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு) தாண்டக்கூடாது. ஆனால் இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான இணைப்புக்கு, ரேடியோவின் திறன் 1 வாட்டுக்குள் இருக்கும்வரை, எவ்வளவு பெரிய டிஷ்ஷையும் மாட்டலாம். 5.25 முதல் 5.35 வரையும், 5.47 முதல் 5.725 வரையும் உள்ள பகுதிகளில் வரம்பு 30 டிபிஎம். அங்கே ரேடார் அலை கேட்டால் கருவி தானாகவே அந்த அலைவரிசையை விட்டு விலகவேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வானிலை ரேடார்கள் 5.6–5.65 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. புயல்காற்றின் திடீர்த் திசைமாற்றத்தை விமானிகளுக்கு எச்சரிப்பவை அவை. 2009 வாக்கில் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் வான் நகரில் அத்தகைய ரேடாரின் திரையில் வெளிப்புறக் கம்பியில்லாக் கருவிகளின் குறுக்கீடு தெரியவந்தது. அதன்பின் விலகல் வசதியை அணைத்துவைத்த சேவையாளர்கள் பலருக்கு ஆணையம் அபராதம் விதித்தது. கருவியின் அமைப்பில் நாட்டுக் குறியீட்டை மாற்றி விதியை ஏமாற்றும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. விமானப் பயணிகளின் உயிரோடு விளையாடும் அந்தப் பழக்கத்துக்கு எந்த வணிக நெருக்கடியும் நியாயமாகாது.

60 கிகாஹெர்ட்ஸ் வேறொரு உலகம். 2016-இல் இப்பட்டை 57 முதல் 71 கிகாஹெர்ட்ஸ் வரை, அதாவது 14,000 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு விரிந்தது. 60 கிகாஹெர்ட்ஸ் அருகே காற்றிலுள்ள ஆக்சிஜனே கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல்லை விழுங்கிவிடுகிறது. மழை மேலும் விழுங்கும். சில நூறு மீட்டருக்குள் கிகாபிட் வேகம் தரவும், நெருக்கமான தெருக்களில் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருக்கவும் இது ஏற்றது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் அரை மைல் இடைவெளி உள்ள பண்ணைப் பகுதிக்கு உதவாது.

தூரமும் தடையும்

5.8 கிகாஹெர்ட்ஸில் 10 கிலோமீட்டர் செல்லும் அலை வெட்டவெளியிலேயே சுமார் 128 டெசிபெல்லை இழக்கிறது. டவரில் 36 டிபிஎம், வீட்டில் 25 டிபிஐ பெருக்கமுள்ள டிஷ் என்று வைத்துக்கொண்டால் ஏற்பியை வந்தடைவது ஏறக்குறைய மைனஸ் 67 டிபிஎம். 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கருவியின் இயல்பான இரைச்சல் மைனஸ் 95 டிபிஎம் அளவில் இருக்கும். இடைவெளி 28 டெசிபெல். நல்ல வேகத்துக்குப் போதும். அதே இணைப்பை 80 மெகாஹெர்ட்ஸுக்கு அகலப்படுத்தினால் இரைச்சல் 6 டெசிபெல் ஏறி, இடைவெளி 22 ஆகச் சுருங்கும். அகலத்தை நான்கு மடங்காக்கினால் வேகமும் நான்கு மடங்காகும் என்ற எதிர்பார்ப்பு இங்கேதான் பொய்க்கிறது. மேலும் இது ஆளரவமற்ற சமவெளியின் கணக்கு. அண்டை நிறுவனத்தின் டவர் தெரியும் இடத்தில் இரைச்சல் இன்னும் 10 டெசிபெல் கூடியிருந்தாலும் வியப்பதற்கில்லை.

டவர் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை ஒரு கோடாகச் செல்வதில்லை. நடுவே பருத்த ஒரு வெளியை நிறைத்துக்கொண்டு செல்கிறது. அதற்கு ஃபிரெனல் மண்டலம் என்று பெயர். மேற்சொன்ன 10 கிலோமீட்டர் இணைப்பின் நடுப்புள்ளியில் அதன் ஆரம் 11 மீட்டருக்குச் சற்று அதிகம்; 900 மெகாஹெர்ட்ஸில் அதுவே சுமார் 29 மீட்டர். இதில் குறைந்தது 60 சதவீதமாவது தடையின்றி இருக்கவேண்டும் என்பது நடைமுறை விதி. குளிர்காலத்தில் இலையுதிர்ந்த மரத்தின் ஊடாகப் பொருத்திய இணைப்பு, வசந்தத்தில் ஈர இலை துளிர்த்ததும் படுத்துவிடும். பல நேரங்களில் புது ரேடியோவுக்குச் செலவிடும் பணத்தை டவரை 10 மீட்டர் உயர்த்தச் செலவிட்டால் பலன் கூடுதல்.

பகிர்ந்தாளும் பட்டைகள்

முழு உரிமம், உரிமமின்மை இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை அமெரிக்கா உருவாக்கியது. 3.55 முதல் 3.7 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள 'சி.பி.ஆர்.எஸ்.' பட்டைக்கான விதிகள் 2015-இல் வந்தன. இதில் மூன்று அடுக்குகள். முதல் உரிமை கடற்படை ரேடார் போன்ற பழைய பயனர்களுக்கு. அடுத்து ஏலத்தில் முன்னுரிமை வாங்கியவர்களுக்கு. மீதமுள்ள இடம் எல்லோருக்கும். யார் எந்த அலைவரிசையில் எவ்வளவு திறனில் பேசலாம் என்பதை ஒரு கணினித் தரவகம் தொடர்ந்து தீர்மானிக்கிறது. 2020-இல் நடந்த முன்னுரிமை ஏலம் சுமார் 454 கோடி டாலர் ஈட்டியது. உரிமங்கள் மாவட்ட அளவில் பிரிக்கப்பட்டிருந்ததால், மாநகரங்களில் பெரிய நிறுவனங்கள் பணத்தைக் கொட்டியபோதும் கிராம மாவட்டங்களில் சிறு சேவையாளர்கள் சிலரால் ஏலத்தில் வெல்ல முடிந்தது. சிறியவர்களை மனத்தில் வைத்து ஏலத்தை வடிவமைத்தால் அவர்களுக்கும் இடம் கிடைக்கும் என்பதற்கு இது தெளிவான சான்று.

வெளிப்புறக் கருவிக்கு 10 மெகாஹெர்ட்ஸுக்கு 47 டிபிஎம் வரை அனுமதி இருப்பதால், 5 கிகாஹெர்ட்ஸ் திணறும் மரச்செறிவிலும் சி.பி.ஆர்.எஸ். ஓரளவு ஊடுருவும். பதிலுக்குத் தரவகத்துக்கு மாதக் கட்டணம், சான்றிதழ் பெற்ற நிறுவுநர், அதிக விலைக் கருவி ஆகியவற்றை ஏற்கவேண்டும்.

6 கிகாஹெர்ட்ஸிலும் இதே எண்ணம் எளிய வடிவில் செயல்படுகிறது. 2020-இல் 1,200 மெகாஹெர்ட்ஸ் திறக்கப்பட்டது. அதில் 850 மெகாஹெர்ட்ஸில் மட்டுமே வெளிப்புறக் கருவி முழுத் திறனில் இயங்கலாம். அதற்கும் ஏற்கெனவே உள்ள மைக்ரோவேவ் இணைப்புகளைக் காக்கும் தானியங்கி ஒருங்கிணைப்பு அமைப்பின் அனுமதி வேண்டும். 2024 பிப்ரவரியில்தான் அவ்வமைப்புகளுக்கு ஒப்புதல் கிடைத்தது.

கருவிகள்

தொடக்ககாலச் சேவையாளர்கள் அலுவலக வைஃபை அட்டைகளையே டிஷ்ஷில் இணைத்தார்கள். அவை நெடுந்தூரத்துக்குப் படைக்கப்பட்டவையல்ல. 10 கிலோமீட்டர் சென்று திரும்ப அலைக்கு 67 மைக்ரோநொடி ஆகிறது; 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒருவர் பேசுகிறாரா என்று பார்க்க ஒதுக்கும் காலத்துண்டோ 9 மைக்ரோநொடி. ஒரு வீட்டின் ஏற்பிக்கு இன்னொரு வீட்டின் ஏற்பி கேட்பதும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள்.

தீர்வு, ஒவ்வொருவருக்கும் நேரம் பிரித்துக் கொடுப்பது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமப்புறப் பார்வை மையங்களோடு இணைக்க, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக்குழு மலிவான வைஃபை அட்டைகளையே எடுத்து, அவற்றின் பேச்சு முறையை மட்டும் மென்பொருளால் நேரப் பங்கீட்டுக்கு மாற்றியது. மையத்தில் அமர்ந்த நோயாளியை மருத்துவமனையிலிருந்த மருத்துவர் காணொளியில் பார்க்க முடிந்தது. அவ்வடிவமைப்பு 2007-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளிவந்தது. வணிகக் கருவிகளிலும் இதே முறை நிலைத்தது: அமெரிக்காவின் யுபிக்விட்டி, லாட்வியாவின் மைக்ரோடிக், மோட்டரோலாவின் 'கேனப்பி' பிரிவிலிருந்து 2011-இல் பிரிந்த கேம்பியம் ஆகிய மூன்றும் தத்தம் நேரப் பங்கீட்டு முறைகளை வைத்திருக்கின்றன.

கேனப்பி விட்டுச்சென்ற இன்னொரு பாடம் ஜிபிஎஸ் ஒத்திசைவு. ஒரே டவரிலுள்ள எல்லா ரேடியோக்களும் ஒரே கணத்தில் பேசி, ஒரே கணத்தில் கேட்டால், ஒன்றின் பேச்சு மற்றொன்றின் காதை அடைக்காது. அப்போது நான்கு திசை ஆன்டெனாக்களுக்கு இரண்டு அலைவரிசைகளே போதும். முதுகுக்கு முதுகு நிற்பவை ஒன்றையே பகிரும். அலைக்கற்றை பஞ்சமாக உள்ள இடத்தில் இது அலைக்கற்றையை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஒத்திசைவு இல்லாத கருவி பாதி விலைக்குக் கிடைத்தாலும், வாடிக்கையாளர்கள் பெருகும் டவரில் அது மலிவானதாக முடிவதில்லை. பக்கவாட்டில் கசியாத கொம்பு ஆன்டெனாக்கள் பரவியதும் இதே காரணத்தால்தான்.

2021 முதல் விற்பனையில் உள்ள தரானா நிறுவனத்தின் கருவிகள், பல ஆன்டெனாக்களின் அலைகளைக் கணக்கிட்டுச் சேர்த்து, குறுக்கிடும் அலையைக் கழித்துவிடுகின்றன. நேர்க்கோட்டுப் பார்வை இல்லாத வீடுகளுக்கும் பல நேரங்களில் இணைப்பு கிடைக்கிறது. விலை வழக்கமான கருவிகளைவிடப் பல மடங்கு. மரமும் போட்டியும் மிகுந்த ஊரில் அது தகும். வெட்டவெளியான கன்சாஸ் சமவெளியில் தேவைப்படாது.

டவருக்கே இணையத்தைக் கொண்டுவரும் பின்னிணைப்பில் சிக்கனம் பார்க்கக்கூடாது. அது விழுந்தால் எல்லா வீடுகளும் விழும். நெடுந்தூரத்துக்கு 11 கிகாஹெர்ட்ஸ் உரிமம் பெற்ற இணைப்பு நம்பகமானது. சில கிலோமீட்டருக்குள் 70–80 கிகாஹெர்ட்ஸ் பல கிகாபிட் தரும்; கடும் மழையில் அது மங்கும்போது ஏற்க 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பொன்றை அருகிலேயே மாட்டிவைப்பார்கள். மின்னல் காப்பு, தரையிணைப்பு, ஓரிரு நாள் தாங்கும் பேட்டரி ஆகியவற்றுக்கும் இதே முக்கியத்துவம் உண்டு.

அரசு நிதியும் பட்டைத் தேர்வும்

அமெரிக்காவின் 2021 உள்கட்டமைப்புச் சட்டம் அகலக்கற்றைக்கு 4,245 கோடி டாலர் ஒதுக்கியது. 2022-இல் வந்த அதன் விதிகள், முழுக்க உரிமமற்ற அலைக்கற்றையில் மட்டும் சேவை பெறும் வீட்டை 'சேவை இல்லாத வீடு' என்றே கணக்கிட்டன. பல ஆண்டுகளாக ஒரு கிராமத்துக்குச் சேவை தந்த நிறுவனத்தின் மேலேயே, அரசுப் பணத்தில் போட்டியாளர் கண்ணாடி இழை பதிக்க அதனால் வழி பிறந்தது. அதே டவரில் சி.பி.ஆர்.எஸ். கருவி இருந்தால் அது விதிவழி உரிமம் பெற்றதாகக் கருதப்பட்டு, வீடு சேவை பெற்றதாகிவிடும். அலைக்கற்றையின் இயற்பியலுக்குத் தொடர்பில்லாத இந்தக் கோடு சிறு சேவையாளர்களை அநியாயமாகப் பாதித்தது. வேகம் 100 மெகாபிட் பதிவிறக்கம், 20 மெகாபிட் பதிவேற்றம் என்ற அளவை எட்டுகிறதா, நெரிசல் நேரத்திலும் நிற்கிறதா என்பதையே அளந்திருக்கவேண்டும். 2025 ஜூனில் விதிகள் மாற்றி எழுதப்பட்டன. உரிமமற்ற பட்டைச் சேவையும் நிதிக்குத் தகுதி பெற்றது. குறுக்கீட்டைச் சமாளிக்கும் திட்டத்தையும் போதிய கொள்ளளவையும் நிறுவனம் ஆவணங்களால் காட்டவேண்டும் என்பது நிபந்தனை.