ஒப்புக் குழுவும் அளவுகோலும்: எக்ஸிமா மருந்தாய்வுகளை வாசிக்கும் முறை பற்றி

2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழ் சோலோ-1, சோலோ-2 என்ற இரு மருந்தாய்வுகளின் முடிவுகளை ஒரே கட்டுரையாக வெளியிட்டது. மிதமான அல்லது கடுமையான எக்ஸிமா உள்ள பெரியவர்களுக்கு டூபிலுமாப் என்ற ஊசி மருந்தை 16 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் அவை. முதலாவதில் 671 பேர், இரண்டாவதில் 708 பேர். முதல் ஆய்வில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டவர்களில் 38 விழுக்காட்டினருக்குத் தோல் முழுவதுமாகவோ ஏறக்குறைய முழுவதுமாகவோ தெளிந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் அப்படித் தெளிந்தவர்கள் 10 விழுக்காடு. இரண்டாவதில் இந்த எண்கள் 36, 8. அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டூபிலுமாபுக்கு ஒப்புதல் தந்தது. உடலின் எதிர்ப்பாற்றலையே ஒட்டுமொத்தமாக அடக்கும் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளை நம்பியிருந்தவர்களுக்கு, அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-4, இன்டர்லூகின்-13 ஆகிய இரு புரதங்களின் வேலையை மட்டும் மறிக்கும் ஒரு மருந்து கிடைத்தது பெரிய விடிவுதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் இத்தகைய ஆய்வுகளை நம் மருத்துவ வட்டாரத்தில் வாசிக்கும் முறை எனக்கு நிறைவளிக்கவில்லை. மருந்துக் குழுவின் எண்ணைச் சொல்கிறோம். ஒப்புக் குழுவின் எண்ணை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிடுகிறோம். எதைக் கொண்டு அளந்தார்கள் என்று கேட்பதே இல்லை. எக்ஸிமாவைப் பொறுத்தவரை, யாரோடு ஒப்பிட்டார்கள், யார் எதை அளந்தார்கள் என்ற இரண்டும் தெரியாமல் 38 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த 10 விழுக்காட்டை எடுத்துக்கொள்வோம். மருந்தே இல்லாமல் பத்தில் ஒருவருக்கு எப்படித் தோல் தெளிந்தது? எக்ஸிமா ஏறி இறங்கும் நோய். அரிப்பு தாங்க முடியாமல் போகும் நேரத்தில்தான் ஒருவர் ஆய்வில் சேர்கிறார். சேர்வதற்கான வரையறையும் அந்த உச்சத்தையே கேட்கிறது. உச்சத்தில் பிடித்த நோயாளிகள் பலர் சில வாரங்களில் ஓரளவு இறங்கிவிடுவார்கள். அதோடு, ஆய்வில் இருப்பவர்களை அடிக்கடி அழைத்துப் பார்க்கிறார்கள். ஈரப்பதக் களிம்பைத் தவறாமல் பூசச் சொல்கிறார்கள், அவர்களும் பூசுகிறார்கள். பூசுமருந்து ஆய்வுகளில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே ‘மருந்தில்லாத களிம்பு’ என்பதே ஒரு நல்ல ஈரப்பதக் களிம்பு. அதை வெற்று என்று சொல்ல முடியாது.

ஒப்புக் குழுவுக்கு வேறு சிகிச்சையும் சேர்த்துக் கொடுக்கும்போது இது தெளிவாகப் புலப்படுகிறது. 2017இல் லான்செட்டில் வந்த குரோனோஸ் ஆய்வில் இரு குழுவினரும் ஸ்டீராய்டு களிம்பு பூசினார்கள். 16ஆம் வாரத்தில் நோய் முக்கால் பங்கு குறைந்தவர்கள் டூபிலுமாப் குழுவில் 69 விழுக்காடு, வெற்று ஊசிக் குழுவில் 23. அரிப்பைத் தூண்டும் இன்டர்லூகின்-31இன் ஏற்பியை மறிக்கும் நெமோலிசுமாபைச் சோதித்த ஆர்க்காடியா ஆய்வுகள் 2024இல் வெளிவந்தன. அவற்றிலும் பூசுமருந்து இரு பக்கமும் உண்டு. முதல் ஆய்வில் அதே அளவை எட்டியவர்கள் 44 விழுக்காடு, வெற்று ஊசிக் குழுவில் 29. ஆட்கள் வேறு, நாடுகள் வேறு என்பதால் இந்த இரண்டு மருந்துகளில் எது மேல் என்று இந்த எண்களைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான் சுட்டுவது வேறொன்றை. மிதமான அல்லது கடுமையான எக்ஸிமா உள்ளவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர், பழைய ஸ்டீராய்டு களிம்பை மேற்பார்வையில் ஒழுங்காகப் பூசியே இந்த அளவுக்குத் தேறியிருக்கிறார். விலையுயர்ந்த ஊசியை எழுதுவதற்கு முன் ஒரு மருத்துவர் தன் நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி அந்த 23இலும் 29இலும் அடங்கியிருக்கிறது.

அடுத்து, யார் அளப்பது என்ற கேள்வி. இதற்கு மருந்துக் கம்பெனி ஆய்வுகளைவிட நல்ல பாடம், இங்கிலாந்தில் பொதுநிதியில் நடந்த ஓர் எளிய ஆய்வில் இருக்கிறது. கடின நீர் உள்ள ஊர்களில் குழந்தைகளுக்கு எக்ஸிமா அதிகம் காணப்படுகிறது. அப்படியானால் வீட்டில் நீரை மென்மையாக்கும் கருவி வைத்தால் நோய் குறையுமா? நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத் தோல் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய ஸ்வெட் ஆய்வில் 336 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினர் வீட்டில் 12 வாரத்துக்குக் கருவி பொருத்தினார்கள். 2011இல் முடிவு வந்தது. எந்தக் குழந்தை எந்தக் குழு என்று தெரியாத செவிலியர்கள் தோலைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். கருவி வைத்த வீட்டுக் குழந்தைகளுக்கு நோய் 20 விழுக்காடு குறைந்திருந்தது. வைக்காத வீட்டுக் குழந்தைகளுக்கு 22 விழுக்காடு. கருவியால் பலன் இல்லை. ஆனால் அதே ஆய்வில் பெற்றோர் நிரப்பிய போயம் என்ற வினாத்தாளில் கருவிக்குச் சாதகமாகச் சிறிய முன்னேற்றம் பதிவாகியிருந்தது. தங்கள் வீட்டில் கருவி ஓடுவது பெற்றோருக்குத் தெரியும். சோப்பு நுரைப்பதிலேயே தெரிந்துவிடும். செவிலியர் பதிவு மட்டும் இல்லாமல் போயிருந்தால், கருவி வேலை செய்கிறது என்று ஒரு நாடே நம்பி, குடும்பங்கள் அதற்காகக் கடன் வாங்கியிருக்கும். நம்பிக்கை பொய்த்த இன்னோர் எடுத்துக்காட்டும் உண்டு. பிறந்த குழந்தைக்குத் தினமும் ஈரப்பதக் களிம்பு பூசினால் எக்ஸிமாவே வராமல் தடுக்கலாம் என்று 2014இல் இரு சிறிய ஆய்வுகள் நம்பிக்கையூட்டின. 1394 குழந்தைகளைச் சேர்த்த பீப் ஆய்வு 2020இல் அதைத் தகர்த்தது. இரண்டு வயதில் எக்ஸிமா இருந்தவர்கள் பூசியவர்களில் 23 விழுக்காடு, பூசாதவர்களில் 25. பூசிய குழந்தைகளுக்குத் தோல் தொற்று கூடுதலாக வந்தது. இப்படி ‘இல்லை’ என்று சொன்ன ஆய்வுகளை நம் இதழ்கள் எடுத்துப் பேசுவதே அரிது.

ஸ்வெட் ஆய்வைப் படிப்பவர், நோயாளி சொல்வதை விட்டுவிட்டு, பயிற்சி பெற்ற கண்ணை நம்பலாம் என்று முடிவுகட்டக்கூடும். அந்தக் கண்ணுக்கும் ஒரு குறை இருக்கிறது. அது நம் தோலை நேரடியாகத் தொடும் குறை.

இன்று ஏறக்குறைய எல்லா எக்ஸிமா மருந்தாய்வுகளும் ஈசி என்ற அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. உடலைத் தலை-கழுத்து, கைகள், நடு உடல், கால்கள் என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு, தடிப்பு, சொறிந்த காயம், தோல் தடித்துச் சுருங்குதல் ஆகிய நான்கு அறிகுறிகளுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். நோய் பரவிய பரப்புக்கு 0 முதல் 6 வரை. பெருக்கி, உடற்பகுதிகளின் எடையோடு கூட்டினால் உச்ச மதிப்பு 72. பெரியவர்களுக்கான ஊசி மருந்து ஆய்வுகளில் சேரக் குறைந்தது 16 வேண்டும் என்பது பரவலான வரையறை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாநிறமோ கறுப்போ ஆன ஒருவருக்கு நான்கு பகுதிகளிலும் மூன்றில் ஒரு பங்கு பரப்பில் நோய் இருக்கிறது. பரப்பு மதிப்பெண் 3. ஒவ்வொரு பகுதியிலும் அறிகுறிகளின் கூட்டுத்தொகை 6 என்றால் அவர் மதிப்பு 18. ஆய்வில் சேரத் தகுதி உண்டு. அந்த ஆறில் இரண்டு, சிவப்புக்கு உரியது. கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரிவதில்லை. ஊதா கலந்த கருமையாக, சாம்பல் பழுப்பாகத் தெரியும். அதைப் பார்த்துப் பழகாத மருத்துவர் சிவப்புக்கு 0 போட்டுவிட்டால் மொத்தம் 12 ஆகிறது. அதே மனிதர், அதே அரிப்பு, ஆய்வுக்கு வெளியே. இது வெறும் ஊகமல்ல. லண்டன் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்த பென்-காஷிரும் ஹேயும் 2002இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். சிவப்பு மதிப்பெண்ணைக் கணக்கிட்டுச் சரிசெய்தபோது, கறுப்பினக் குழந்தைகளுக்குக் கடும் எக்ஸிமா இருக்கும் வாய்ப்பு வெள்ளையினக் குழந்தைகளைவிட ஏறத்தாழ ஆறு மடங்காக வந்தது. சரிசெய்யாமல் விட்டால் அந்தக் கடுமை கண்ணில் படாமலே போயிருக்கும்.

இதை ஈடுகட்ட அண்மையில் நிறமுள்ள தோலினரை மட்டும் சேர்த்து ஆய்வுகள் நடக்கின்றன: டூபிலுமாபுக்கு டிஸ்கவர், லெப்ரிகிசுமாபுக்கு அட்மிரபிள். வரவேற்க வேண்டிய முயற்சிகள். ஆனால் இரண்டிலும் ஒப்புக் குழு கிடையாது. எல்லாருக்கும் மருந்து, எல்லாருக்கும் அது தெரியும். உச்சத்தில் சேர்ந்தவர் தானாக இறங்குவதும், நல்ல கவனிப்பால் தேறுவதும், மருந்தால் தேறுவதும் அங்கே ஒரே எண்ணில் கலந்துவிடுகின்றன. வெள்ளைத் தோலுக்கு ஒப்புக் குழுவோடு கூடிய சான்று, கறுத்த தோலுக்கு ஒப்புக் குழு இல்லாத சான்று என்ற இந்த ஏற்பாட்டை நாம் பேசாமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

போயம் வினாத்தாளை இங்கே மறுபடி நினைக்க வேண்டியிருக்கிறது. அதில் ஏழே கேள்விகள். கடந்த வாரத்தில் எத்தனை நாள் அரித்தது, தூக்கம் கெட்டது, ரத்தம் வந்தது, நீர் கசிந்தது, தோல் வெடித்தது, செதில் உதிர்ந்தது, வறண்டது? சிவப்பைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. ஆகவே நோயாளி நிரப்பும் தாள் நிறத்தால் ஏமாறாது, நம்பிக்கையால் ஏமாறும். மருத்துவர் கண் நம்பிக்கையால் ஏமாறாது, நிறத்தால் ஏமாறும். எக்ஸிமா அளவுகளை ஒழுங்குபடுத்த 2008இல் தொடங்கிய ஹோம் என்ற பன்னாட்டு முயற்சி, இரண்டையும் சேர்த்தே எல்லா ஆய்வுகளிலும் அளக்கச் சொல்கிறது. அது சரியான வழி என்றாலும் போதாது. மருந்தா வெற்றா என்று நோயாளிக்கே தெரியாத ஆய்வில், கறுத்த தோலினருக்குப் போயம்தான் முதன்மை அளவாக இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். இந்தியாவில் 2009 ஜூன் முதல் எந்த மருந்தாய்வும் தொடங்குமுன் மருந்தாய்வுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும். முதன்மை அளவு எது என்பதை அங்கேயே அறிவித்தாக வேண்டும். நம் நெறிமுறைக் குழுக்கள் இக்கேள்வியை எழுப்ப வேண்டிய இடம் அதுதான்.

கடைசியாக, காலம். உபடசிடினிப் மாத்திரையையும் டூபிலுமாபையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஹெட்ஸ் அப் ஆய்வில், 16ஆம் வாரத்தில் நோய் முக்கால் பங்கு குறைந்தவர்கள் 71க்கு 61 விழுக்காடு. மாத்திரை வென்றது என்பது தலைப்புச் செய்தி. 24ஆம் வாரத்தில் இடைவெளி பாதியாகச் சுருங்கிவிட்டது. ஆய்வை நடத்தியது மாத்திரையைத் தயாரிக்கும் கம்பெனி. வெற்றியை எந்த வாரத்தில் அளப்பது என்பதை முன்கூட்டித் தீர்மானித்ததும் அதுவே. வாழ்நாள் முழுக்க வந்துபோகும் நோய்க்கு 16 வாரம் என்பது நிறுவனங்களுக்கும் ஒழுங்காற்று அமைப்புகளுக்கும் வசதியான காலம்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 103 குழந்தைகளோடு நடந்து 2023இல் வெளிவந்த ட்ரீட் ஆய்வு வேறு வகையில் சிந்தித்தது. சைக்ளோஸ்போரினையும் மெத்தோட்ரெக்சேட்டையும் 36 வாரம் கொடுத்தார்கள்; நிறுத்திய பிறகும் 24 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். 12ஆம் வாரத்தில் சைக்ளோஸ்போரின் முந்தியது. மருந்தை நிறுத்தியபின் மெத்தோட்ரெக்சேட் குழந்தைகளுக்கு நோய் நெடுநாள் அடங்கியிருந்தது. 12ஆம் வாரத்தோடு அந்த ஆய்வு முடிந்திருந்தால் எதிர்மாறான பாடத்தைக் கற்றிருப்போம். இரண்டும் காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள். எந்தக் கம்பெனியும் இந்த ஆய்வுக்குப் பணம் போட்டிருக்காது. பொதுநிதிதான் போட்டது. மெத்தோட்ரெக்சேட் மாத்திரையே பெரும்பாலோர் கைக்கு எட்டும் நம் நாட்டில், பெரியவர்களுக்கு அதையும் புதிய ஊசியையும் ஓராண்டுக்கு மேல் ஒப்பிட்டு, கறுத்த தோலைப் படிக்கத் தெரிந்த கண்களால் அளக்கும் ஆய்வை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போன்ற பொது அமைப்புகள்தாம் நடத்த வேண்டும்.