காணாமற் கண்ட செவ்வி

நேர்காணல் என்ற சொல்லிலேயே 'காணல்' இருக்கிறது. அப்படியிருக்க, முகம் பாராமல் மின்னஞ்சலில் வினா அனுப்பி, விடையை எழுத்தில் பெற்று வெளியிடுவது செவ்வியாகுமா என்று இலக்கிய நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. இவ்வழக்கம் மின்னஞ்சலோடு பிறந்ததன்று என்பதே எனது முதல் மறுமொழி.

வலையமைப்பினூடாக ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு ரே ரொம்லின்சன் மின்னஞ்சல் அனுப்பிக் காட்டியது 1971 இல். அதற்கு முன்னரே, ருஷ்யாவிற் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற விளாதிமிர் நபொக்கோவ் எழுத்துச் செவ்வியைத் தமக்கொரு சட்டமாகவே வைத்திருந்தார். 1961 முதல் சுவிற்சர்லாந்தின் மொன்த்ரோ நகரில் ஒரு ஹோட்டலில் வாழ்ந்த அவர், செவ்வி கேட்டோருக்கு நிபந்தனை விதித்தார்: வினாக்கள் எழுத்தில் வரவேண்டும், விடைகளும் எழுத்திலேயே தரப்படும், அவை சொல் மாறாமல் அச்சேறவேண்டும். வாய்ப்பேச்சு தமக்கு வராது என்பது அவர் சொன்ன காரணம். அச்செவ்விகளைத் தொகுத்து 1973 இல் நூலாக்கினார். 1975 இல் பேர்னார் பிவோவின் பிரெஞ்சுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியபோதும், முன்கூட்டி எழுதிய அட்டைகளைப் பார்த்தே விடையளித்தார். மேசையில் அடுக்கியிருந்த அவருடைய நூல்களே அந்த அட்டைகளை மறைத்தன!

இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெராந்தேயின் காரணம் வேறு. அப்பெயரே புனைபெயர். 1992 இல் முதல் நாவல் வெளிவருமுன்பே, செவ்வி தந்தால் எழுத்தில் மட்டுமே, அதுவும் மிகக் குறைவாகவே என்று பதிப்பாளருக்கு எழுதிவிட்டார். நபொக்கோவ் தமது சொல்லைக் காத்தார். ஃபெராந்தே தம்மையே காத்தார்.

எழுத்துச் செவ்வியில் விடை நிதானம் பெறுகிறது. 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்ற பிணக்கும் எழாது. ஆனால் தயக்கமும் மௌனமும் நம் காதில் விழுவதில்லை. விரும்பாத வினாவை எளிதில் தாண்டிப் போகலாம். இருபது வினாக்களை ஒரே தடவையில் அனுப்பினாலோ, முதல் விடையிலிருந்து பிறக்கவேண்டிய கேள்வி பிறக்காமலே போகிறது; கடிவாளம் விடையளிப்பவர் கைக்கு மாறிவிடுகிறது.

மின்னஞ்சலின் வேகம் இங்கேதான் கைகொடுக்கும். தபாற்காலத்தில் ஒரு வினா போய் விடை வர நாட்கள் பல சென்றன. இன்றோ இரண்டொரு வினாக்களை அனுப்பி, வந்த விடையைப் படித்து, அதிலிருந்தே அடுத்ததைத் தொடுக்கலாம். அப்போது அது வினாத்தாளாக நின்றுவிடாமல் உரையாடலாகும்.

செவ்வி எழுத்திற் பெறப்பட்டது என்பதை மட்டும் வாசகருக்கு மறைக்கலாகாது. கேட்காத சிரிப்பை 'சிரிக்கிறார்' என்று அடைப்புக்குறிக்குள் இடுவது செவ்வியன்று, புனைகதை.