பென்குயினின் இரைப்பையைத் திறந்தவர்கள்

ஒரு பறவை எதை உண்கிறது என்று அறிய, அது உண்ணும்போது அருகிலிருந்து பார்த்தால் போதும். காகத்துக்கும் கொக்குக்கும் இது பொருந்தும், பென்குயினுக்குப் பொருந்தாது. அது கரையை விட்டு நெடுந்தொலைவு நீந்திச் சென்று, நம் கண்ணுக்கெட்டாத ஆழத்தில் இரைதேடி, உண்டதை வயிற்றில் தேக்கிக்கொண்டு கரையேறுகிறது. குஞ்சின் வாய்க்குள் நேரே கக்கி ஊட்டுகிறது. இடையில் எதையும் காண வழியில்லை. எனவே பென்குயினின் உணவைக் கண்டறிந்த வரலாறு, ஒரு பறவைக்கு எவ்வளவு துன்பம் இழைத்து விடை பெறலாம் என்று மனிதர் எண்ணிய வரலாறாகவும் அமைந்துவிட்டது. வழி மாறிய போதெல்லாம் விடையும் மாறியது என்பதையே இங்குச் சிறிது விரிவாகப் பார்க்க விழைகிறோம்.

முதல் வழி எளியது: கொன்று, வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது. 1839 முதல் 1843 வரை எரெபஸ், டெரர் என்னும் இரு கப்பல்களுடன் தென்துருவக் கடலில் உலவிய ஜேம்ஸ் கிளார்க் ராஸ், பெரும் பென்குயின்களைப் பிடித்து ஆராய்ந்தார். அவற்றின் முதன்மை உணவு நண்டினத்தைச் சார்ந்த ஓட்டுடலிகள் என்று குறித்தார். இரைப்பைகளில் இரண்டு முதல் பத்து பவுண்டு எடையுள்ள கூழாங்கற்கள் கிடந்தமையையும் பதிவு செய்தார். உணவைத் தேடியவருக்குக் கருங்கல்லும் சேர்ந்தே கிடைத்தது!

1911–12 கோடையில் அடேர் முனையில் தங்கிய ஸ்காட் குழுவின் மருத்துவர் மர்ரே லெவிக் சற்று வேறு மாதிரியான மனிதர். அடேலி பென்குயின்களின் குடியிருப்பில் நாள்தோறும் நின்று பார்த்தார், பார்த்ததை எழுதினார். அங்குத் தரையெங்கும் படிந்திருந்த எச்சத்தின் செங்கல் நிறம், கூனி இறாலை ஒத்த கிரில் என்னும் சிற்றுயிரை அவை உண்பதால் வந்தது. பறவையைத் தொடாமலே அதன் உணவை உரைக்கும் சான்று காலடியிலேயே கிடந்திருக்கிறது. ஆயினும் எச்சத்தை முறையாகப் படிக்க அறிவியலுக்கு மேலும் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் கத்தியே கருவியாக இருந்தது.

கொல்வதில் இரக்கமின்மை ஒருபுறமிருக்க, ஆய்வு நோக்கிலும் ஒரு குறை உண்டு. இறந்த பறவை ஒருமுறைதான் விடை தரும். ஒரே குடியிருப்பில் ஆண்டுதோறும் உணவு எவ்வாறு மாறுகிறது என்று அறிய வேண்டுமாயின் பறவை உயிரோடு இருந்தாக வேண்டும். அதற்கு ஒரு வழியைச் செம்மைப்படுத்தி 1984இல் வெளியிட்டவர் ரோரி வில்சன். கரையேறும் பென்குயினைப் பிடித்து, தொண்டை வழியே மென்குழாயைச் செலுத்தி, இரைப்பை நிரம்பும்வரை நீரை ஏற்றி, பின் பறவையைத் தலைகீழாக வாளியின் மேல் பிடிப்பார்கள். வெளிவரும் நீர் தெளியும்வரை இது தொடரும். பறவை பிழைத்துக்கொள்கிறது; ஆனால் குஞ்சுக்கென்று கொண்டுவந்த ஒருவேளை உணவு வாளிக்குப் போய்விடுகிறது. கொலையினின்று களவுக்கு வந்தோம் என்றால் மிகையாகாது.

அந்த வாளியில் கிடைப்பது என்ன? பாதி செரித்த கூழ். அதில் கிரிலின் ஓடுகளையும் கரிய கண்களையும் எண்ணலாம். மீனாயின் அதன் செவிக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கல்லைப் பொறுக்குவார்கள். அதன் வடிவம் மீனின் இனத்தைச் சொல்லும், அளவு மீனின் நீளத்தைச் சொல்லும். கணவாயாயின் கிளிமூக்குப் போன்ற அதன் கடினமான அலகு எஞ்சும். மால்கம் கிளார்க் என்பார் இவ்வலகுகளை இனம்பிரித்து அறிவதற்கென்றே 1986இல் ஒரு கையேடு வெளியிட்டார்.

இங்கேதான் சிக்கல். செவிக்கல் இரைப்பை அமிலத்தில் விரைவில் கரைகிறது. கணவாயின் அலகு நெடுநாள் தங்குகிறது. ஆகவே எண்ணிப் பார்ப்பவருக்குப் பென்குயின் உண்மையில் உண்டதைக் காட்டிலும் மிகுதியாகக் கணவாய் உண்டதாகத் தோன்றும். செல்லரித்த சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்த இக்கட்டு புதிதன்று; எஞ்சியதைக் கொண்டு இருந்ததை அளக்கும் வேலையே அதுவும்.

அடுத்த வழி, எஞ்சிய துண்டுகளை விடுத்து உடலையே சான்றாகக் கொண்டது. உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறுந்தோறும் உடலில் கனமான நைட்ரஜன் ஐசோடோப்பின் விகிதம் கூடுகிறது. கிரில் உண்ணும் பறவைக்கும் மீன் உண்ணும் பறவைக்கும் இந்த விகிதம் வேறுபடும். ஓர் இறகோ முட்டையோடோ போதும். ஸ்டீவன் எம்ஸ்லியும் வில்லியம் பேட்டர்சனும் அண்டார்க்டிகாவில் பறவைகள் கைவிட்டுப்போன பழங்குடியிருப்புகளைத் தோண்டி எடுத்த அடேலி முட்டையோடுகளை இவ்வாறு ஆராய்ந்து 2007இல் வெளியிட்டனர். 38,000 ஆண்டுக் கால வரிசை அது! அதன்படி, நெடுங்காலம் மீனை மிகுதியாக உண்டுவந்த பறவை, ஏறத்தாழ இறுதி 200 ஆண்டுகளில்தான் கிரிலை நோக்கித் திரும்பியிருக்கிறது. மனிதர் கடல்நாய்களையும் திமிங்கிலங்களையும் கொன்று குவித்தமையால் அவை உண்ணாமல் விட்ட கிரில் பெருகியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அது கருதுகோளே, ஆயினும் 20ஆம் நூற்றாண்டில் மட்டும் தென்கோளத்தில் ஏறத்தாழ 20 இலட்சம் திமிங்கிலங்கள் வேட்டையாடப்பட்டன என்பதை நினைக்கும்போது எளிதில் தள்ளிவிட முடியவில்லை. பென்குயின் எப்போதுமே கிரில் தின்னிதான் என்று நாம் கொண்டிருந்த எண்ணம் முட்டையோட்டின் முன் ஆட்டங்காண்கிறது.

பிறகு எச்சத்தின் முறை வந்தது. அதில் எஞ்சியிருக்கும் டி.என்.ஏ. துணுக்குகளைப் படித்து இரையின் இனத்தை அறியலாம் என்று புரூஸ் டீகிளும் உடன் ஆய்வாளர்களும் மெக்கரோனி பென்குயின்களைக் கொண்டு 2007இல் காட்டினர். 2013இல் சைமன் ஜார்மன் குழுவினர் அடேலியின் எச்சத்தை ஆராய்ந்தபோது எதிர்பாராத ஒன்று தென்பட்டது: சொறிமீன். ஓடும் எலும்பும் அற்று, பெரும்பாலும் நீரேயான அந்த உயிர் இரைப்பையில் விரைந்து கரைந்துவிடும். கத்தியின் கண்ணுக்கும் வாளியின் கண்ணுக்கும் அது படாததில் வியப்பில்லை. பென்குயின் அதைத் தற்செயலாக விழுங்கியிருக்கலாமே என்ற ஐயம் நியாயமானதுதான். 2017இல் ஜான் பாப்டிஸ்ட் தியெபோ முதலியோர் நான்கு வகைப் பென்குயின்களின் முதுகில் பொருத்திய காமிராக்களின் காட்சிகளை வெளியிட்டு அந்த ஐயத்தைத் தீர்த்தனர். பறவைகள் சொறிமீன்களை வேண்டுமென்றே கொத்தின.

காமிரா வேறொன்றையும் காட்டியது. யூகி வாடனபேயும் அகினோரி தகஹாஷியும் அடேலியின் முதுகில் காமிராவையும் தலையில் முடுக்கமானியையும் பொருத்தி 2013இல் தந்த கணக்கின்படி, ஒரு பறவை ஒன்றரை மணி நேரத்துக்குள் 244 கிரில்களைப் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு கொத்தலுக்கும் தலை வெட்டி அசைவதை முடுக்கமானி எண்ணிவிடுகிறது. ஆனால் சுமக்கும் கருவியே பறவையின் இரைதேடலை மாற்றிவிடலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. அதை 1986இலேயே உடன் ஆய்வாளர்களோடு எழுதியவர், வேறு யாருமல்லர், குழாயும் வாளியும் தந்த அதே ரோரி வில்சன்தான்.

இத்தனை முயற்சி எதற்கு என்று கேட்கலாம். கிரிலை நாமும் பிடிக்கிறோம். மீன்வளர்ப்புத் தீவனத்துக்கும் எண்ணெய் மாத்திரைக்கும். 1982இல் ஆண்டுப் பிடிப்பு ஐந்து இலட்சம் டன்னைத் தாண்டியது. பெரும்பங்கு சோவியத் கப்பல்களுடையது. அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிகக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு ஒப்பந்தம், கிரிலை மட்டுமன்றி அதை உண்ணும் உயிர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று விதித்தது. பென்குயினின் உணவு அன்றுமுதல் ஆட்சிமுறைக் கணக்காயிற்று. தென் அட்லாண்டிக் பகுதிக்கு வகுத்த 620,000 டன் வரம்பு 2025 ஆகஸ்டில் முதன்முறையாக எட்டப்பட்டு, பருவம் முடியுமுன்னரே கப்பல்கள் நிறுத்தப்பட்டன.

அந்தக் கணக்குக்கு, பென்குயின் கிரில் உண்டது என்று தெரிந்தால் மட்டும் போதாது; உண்ட கிரில் எவ்வளவு நீளம், இளையதா முதிர்ந்ததா என்றும் தெரிய வேண்டும். டி.என்.ஏ. இனத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. ஆகவே குழாயும் வாளியும் இன்னும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை.