குதிரைத்திறனும் நீர்மட்டமும்: அமைச்சகங்களுக்கு நடுவே சின்னசேலம்

சின்னசேலம் வட்டாரத்து உழவில் மின்சாரத்தையும் தண்ணீரையும் பிரித்துப் பேச முடியாது. கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள கோமுகி அணையின் கொள்ளளவு 560 மில்லியன் கன அடிதான். அதன் வாய்க்கால் எட்டாத நிலங்களில், மானாவாரி போக எஞ்சியதெல்லாம் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியே விளைகிறது. கீழே இருப்பதோ கடினப் பாறை. சிதைந்த மேலடுக்கிலும் விரிசல்களிலும் தங்கும் நீரே இருப்பு. மும்முனை மின்சாரம் வரும் நேரமே இங்கு பாசன நேரம். ஆனால் தில்லியில் மின்சாரத்துக்கு ஓர் அமைச்சகம், தண்ணீருக்கு 2019 மே மாதம் உருவான ஜல் சக்தி அமைச்சகம், வயலில் நிறுத்தும் சூரியசக்தி பம்புக்குப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம். இவற்றை ஒன்றாக்கினால் நிலத்தடி நீர் பிழைக்கும் என்பது அடிக்கடி முன்வைக்கப்படும் யோசனை. பிளவு உண்மைதான், ஆனால் கேடு விளைவது அமைச்சரவையின் துறைப் பங்கீட்டில் அல்ல, மின்சாரத்தைக் கணக்கிடும் முறையில் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இணைப்பு யோசனை புதிதும் அன்று. 1950களிலிருந்து 1974 வரை பாசனமும் மின்சாரமும் ஒரே மத்திய அமைச்சகத்தில்தான் இருந்தன; கே.எல். ராவ் போன்ற தேர்ந்த பொறியாளர் அதன் பொறுப்பில் இருந்தார். அந்த அமைச்சகத்தின் பார்வை பேரணைகளிலேயே நிலைத்தது. 1969இல் ஊரக மின்மயக் கழகம் தொடங்கி, பம்புசெட்டுகளுக்கு மின்கம்பி பரவியதும் அக்காலத்தில்தான். மின்சாரம் கிணற்றுக்குள் இறங்கியபோது, அது எவ்வளவு நீரை மேலே கொண்டுவரும் என்ற கேள்வியை ஒரே கூரையின் கீழ் இருந்த இரு பிரிவுகளும் கேட்டதாகத் தெரியவில்லை. மொரீசியசில் இன்றும் மின்வாரியமும் குடிநீர் ஆணையமும் ஒரே அமைச்சகத்தின் கீழ் இயங்குகின்றன. அங்கும் பல பகுதிகளில் நாள் முழுவதும் குழாயில் நீர் வருவதில்லை. பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது, அவ்வளவே.

கணக்கில் உள்ள கோளாறு வேறு வகை. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா உழவர்களுக்கும் மின்சாரம் இலவசம். பெரும்பாலான விவசாய இணைப்புகளுக்கு மீட்டர் இல்லாததால், ஆண்டுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் வீதத்தில் அரசு மின் நிறுவனத்துக்கு மானியம் தருகிறது. இதன் பொருளை நிதானமாகப் பார்க்க வேண்டும். நீர்மட்டம் இறங்கினால் போரை ஆழப்படுத்த வேண்டும். ஆழம் கூடினால் மோட்டாரின் திறன் கூட வேண்டும். திறன் கூடினால் மானியமும் கூடுகிறது. பாறைக்குள் நீர் வற்றுவது அரசின் ஏட்டில் செலவு உயர்வாக மட்டுமே பதிவாகிறது. எவ்வளவு நீர் எடுக்கப்பட்டது என்பதற்கு அங்கே பத்தியே இல்லை. மறுபுறம், நிலத்தடி நீருக்கென 2003இல் இயற்றிய சட்டத்தை மாநிலமே 2013இல் நீக்கிவிட்டது. மத்திய அரசின் அடல் பூஜல் நிலத்தடி நீர்த் திட்டம் தேர்ந்தெடுத்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை. 2019இல் வந்த குசும் திட்டமோ கம்பியே தேவைப்படாத சூரியசக்தி பம்பைத் தருகிறது. வெயில் உள்ளவரை அது ஓடலாம், கட்டணமும் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை.

அளப்பது என்றாலே இலவசத்தைப் பறிக்கும் முதல் படி என்பது உழவர் தரப்பின் வலுவான மறுப்பு. அதை அறியாமை என்று தள்ளுவது நேர்மையன்று. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டங்களில் உழவர்கள் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். 2020இன் மின்சாரத் திருத்த மசோதா வரைவு, மானியத்தை நேரடிப் பணமாகத் தரச் சொல்லி அந்த அச்சத்தைப் புதுப்பித்தது. ஆனால் அளப்பதும் வசூலிப்பதும் ஒன்றல்ல. 2018இல் பஞ்சாப் தொடங்கிய திட்டத்தில், ஒதுக்கிய மின்சாரத்தில் மிச்சம் பிடித்த உழவருக்கு அரசு பணம் கொடுத்தது. தவிர, ஒவ்வொரு கிணற்றிலும் மீட்டர் வேண்டியதில்லை. விவசாயத்துக்கெனப் பிரித்த பீடர் என்னும் மின்வழியின் தலைப்பில் அளந்தாலே ஒரு பகுதி எவ்வளவு இறைக்கிறது என்று மதிப்பிடலாம். குஜராத் 2003 முதல் ஜோதிகிராம் திட்டத்தில் பீடர்களைப் பிரித்துக் காட்டியது. சிறு உழவரின் நலனும் இதில் அடங்கியுள்ளது: போட்டியிட்டு ஆழம் தோண்டும் பந்தயத்தில் முதலில் தோற்பவர் அவர்தான், இலவச மின்சாரம் வற்றிய கிணற்றுக்குப் பயன்படாது.

தண்ணீர் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ளதால் தில்லிக்கு இதில் வேலையில்லை என்போரும் உண்டு. சட்டப்படி சரி, பணத்தின்படி சரியன்று. மின்சாரம் பொதுப்பட்டியலில் உள்ளது; 2021இல் மின் அமைச்சகம் அறிவித்த விநியோகச் சீரமைப்புத் திட்டம் பீடர் பிரிப்புக்கும் நிதி தருகிறது. அந்த நிதியின் முக்கிய நோக்கங்களில் ஒன்று மின்னிழப்பைக் குறைப்பது. பீடர் அளவீட்டை நீர்மட்டப் பதிவோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்க எந்த அமைச்சகத்தையும் கலைக்க வேண்டாம். நடைமுறைத் தடை ஒன்று உண்டு: தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் குறுவட்டம் வாரியாக மதிப்பிடப்படுகிறது, பீடரோ துணைமின் நிலையத்திலிருந்து கம்பி போகும் வழியே போகிறது. இரண்டின் எல்லைகளையும் ஒரே வரைபடத்தில் பொருத்தும் வேலை சின்னசேலம் போன்ற ஒரு வட்டத்தில், வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தையும் மின்பிரிவு அலுவலகத்தின் இணைப்புப் பட்டியலையும் அருகருகே வைத்துத் தொடங்கக்கூடியது.