மயக்கமும் வலிப்பும்: கண்டவர் சொல்லின் வரலாறு

பள்ளித் திடலில் காலை ஒன்றுகூடலின்போது மாணவர் ஒருவர் திடீரெனச் சாய்கிறார். கைகால்கள் சில நொடிகள் வெட்டி இழுக்கின்றன. சூழ்ந்து நிற்போர் ‘வலிப்பு’ என்கின்றனர். அந்த ஒரு சொல்லே முடிவாகிவிட்டால், அவர் தமக்கில்லாத நோய்க்குப் பல்லாண்டுகள் மருந்துண்ண நேரலாம். எனவே, இவ்விரண்டையும் மனிதர் பிரித்தறிய முயன்ற வரலாற்றை நாம் அறிதல் தகும்.

மயக்கம், மூர்ச்சை, வலிப்பு எனத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உள்ளன. வலிப்புக்கு ‘முயலகன்’ என்னும் பெயரும் உண்டு. ஆடவல்லான் திருவடியின்கீழ்க் கிடப்பவன் பெயரும் அதுவே. கொல்லிமழவன் மகளுக்கு உற்ற முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் தீர்த்தருளியதாகப் பெரியபுராணம் கூறும். இந்நோயைத் தெய்வத்தோடோ பேயோடோ இணைத்துக் காண்பது பல நாகரிகங்களுக்கும் பொதுவாக இருந்தது. அதனை மறுத்து, நோயின் இடம் மூளையே என்று கி.மு. 400ஐ ஒட்டி எழுந்த, இப்போக்கிரட்டீசு பெயரால் வழங்கும் கிரேக்க நூலொன்று உரைத்தது.

1873இல் ஆங்கிலேய மருத்துவர் ஜாக்சன், வலிப்பு என்பது மூளை நரம்புத் திசுவில் திடீரென எழும் மிகையான வெளிப்பாடு என விளக்கினார். மயக்கமோ மூளைக்குச் செல்லும் குருதி சிறிது நேரம் குறைவதால் நேர்வது. காரணம் வேறாயினும் தோற்றம் மயங்கியது. இவ்வெல்லைச் சிக்கலுக்கெனவே கவர்ஸ் என்பார் 1907இல் தனி நூல் எழுதினார். 1929இல் பெர்கர் மனித மூளையின் மின்னலைப் பதிவை வெளியிட்டார். ஆயினும், வலிப்புள்ளவரிடத்தும் அப்பதிவு இயல்பாகவே அமைவதுண்டு.

1994இல் ஜெர்மானிய மருத்துவர்கள் நலமுள்ள இளைஞரை மயங்கச் செய்து காணொளியில் பதிந்தனர். முழுமையாக மயங்கிய 42 பேரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் உடல்வெட்டு காணப்பட்டது. கைகால் வெட்டுவது மட்டுமே வலிப்புக்குச் சான்றாகாது என்பது இதனால் தெளிவாயிற்று.

அவ்வாறாயின் சான்று யாது? நெடுநேரம் நிற்றல், வெப்பம், குருதியைக் காணல் ஆகியவற்றின்பின் வியர்த்து, கண் இருண்டு, முகம் வெளிறிச் சாய்ந்து, விரைவில் தெளிவது பெரும்பாலும் மயக்கம். உடல் விறைத்து, ஓரிரு நிமிடம் சீராக வெட்டி, நாவின் பக்கவாட்டில் கடிபட்டு, விழித்தபின்னும் நெடுநேரம் குழம்பியிருப்பது வலிப்பைச் சுட்டும். ஓடியாடும்போதே உணர்விழப்பின், இதயத்தையும் ஆராய வேண்டும்.

இவற்றை மருத்துவர் நேரில் காண்பது அரிது; காண்பவர் ஆசிரியரும் உடன்பயிலும் மாணவருமே. ஆதலால் ‘வலிப்பு வந்தது’ என முடிவுரைப்பதைவிட, முன்னே என்ன நிகழ்ந்தது, எத்தனை நொடி நீடித்தது, எப்போது தெளிந்தார் எனக் கண்டதைக் கண்டவாறு எடுத்துரைப்போம். கருவிகள் பெருகிய இக்காலத்தும், தெளிந்த சொல்லே நோயறிதலின் முதற்படி.